தள்ளித்தான் நின்றாய்

இன்று மாலை உன் அப்பா, நான் விளையாட்டு டீச்சராக இருக்கும் பள்ளி மைதானத்துக்கு வந்தார். வண்டியின் முன்பக்கம் உன் சாஃப்ட்பால் பேட் நீட்டிக்கொண்டிருந்தது. "வூட்ல சும்மா கெடக்குது கண்ணு. உங்க புள்ளைங்களாவது அடிக்கட்டும்" என்று கொடுத்தார். கைப்பிடியில் நீ சுற்றிய கறுப்பு டேப் இன்னும் பிசுபிசுத்தது. யாரும் பார்க்காதபோது முகர்ந்து பார்த்தேன். ரப்பரும் வியர்வையுமாக அதே வாடை. நீ செத்துப்போனது அந்த டேப்புக்குத் தெரியாது. எனக்கே இன்னும் முழுசாகத் தெரியவில்லையடி.

நாம் பள்ளியில் ஆடும்போது இதே மனிதர் வேலிக்கு வெளியே நின்று கத்துவார், நினைவிருக்கிறதா? "தள்ளி நில்லு பாப்பா! மூஞ்சியில கீஞ்சியில பட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" எல்லா வீட்டிலும் அதே பாட்டுதான். அதனால் நாங்கள் எல்லோரும் பந்து அடிக்கும் கட்டத்தின் வெளி ஓரமாக ஒதுங்கி நின்று காற்றை அடித்துக்கொண்டிருந்தோம். நீ மட்டும் அப்பாவைத் திரும்பியும் பார்க்காமல், "பட்டா பாத்துக்கலாம், போப்பா" என்பாய்.

என்னை நீ விட்டுவைத்தாயா? "ஏண்டி, அடிக்க வந்தியா, பஸ்ஸுக்கு நிக்கறியா? கிட்ட வா" என்று சட்டையைப் பிடித்து இழுப்பாய். பேட்டைக் குறுக்கே நீட்டி, அதன் நுனி, பந்து மேலே கடந்துபோகும் அந்தத் தரையில் பதித்த வெள்ளைப் பிளேட்டின் அந்தப் பக்கத்து விளிம்பைத் தொடுகிறதா என்று பார்ப்பாய். தொட்டால் அதுதான் என் இடம். பந்தை மெதுவாகப் போடுகிறவள் என்றால் பந்து இறங்குவதற்குள் அடிக்க ஓரடி முன்னால் போகச் சொல்வாய். வேகக்காரி என்றால் பின்னால். "முன்ன போ, பின்ன போ. பிளேட்ட வுட்டு மட்டும் ஒதுங்காத. எட்டாத எடத்துல நின்னுக்கிட்டுப் பந்த வையாத." உன் வாய்க்கு நான் எப்போதும் பயந்தவள்தான்.

நீ போன அந்தக் காலையில் சுண்ணாம்புத்தூளால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பா போனில், "பாப்பா போயிருச்சு கண்ணு" என்றார். "எந்தப் பாப்பாங்கப்பா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டேனே! அவருக்கு இருப்பது ஒரே பாப்பா. நான் போனை வைத்துவிட்டுப் பாதியில் நின்ற கோட்டை நேராகப் போட்டு முடித்தேன்.

வேலைக்குப் போக, தருமபுரி பஸ்ஸுக்காக நின்றிருக்கிறாய். ரோட்டோரத்தில்கூட இல்லை. ரோட்டை விட்டு இறங்கி, புளியமரத்தடியில். லாரி அங்கே வந்து உன்னை அடித்திருக்கிறது. இது எந்த நியாயத்தில் சேர்த்தி? துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு உன் அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "தள்ளித்தானுங்க நின்னா. மரத்தோட ஒட்டித்தானுங்க நின்னா."

அதற்குப் பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். பயிற்சியில் பிள்ளைகள் கால் வைக்கத் தனியாக ஒரு கோடு போட்டேன், பிளேட்டை விட்டு நன்றாகத் தள்ளி. "யாரும் இதைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். மாவட்டப் போட்டி நெருங்கிவிட்டது. ஒருத்தி பேட்டிலும் பந்து படவில்லை. இன்று ரம்யா அழுதே விட்டாள். நன்றாக அடிக்கக்கூடிய பெண். "எட்டவே மாட்டேங்குது மிஸ். இப்பிடியே போனா என்னைய டீம்ல எடுக்கவே மாட்டாங்க."

நான், "அங்கேயே நில்லு" என்றேன்.

பக்கத்தில் நின்ற உன் அப்பா பிளேட்டைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு இத்தினி தூரம்?"

"அடிபட்டுடுமேன்னுங்கப்பா."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கிட்டவே நிக்கட்டும் கண்ணு. எம் புள்ள தள்ளித்தான் நின்னா."

வேலிக்கு வெளியே நின்று கத்திய அதே வாய். போய் அந்தக் கோட்டைச் செருப்பாலேயே அழித்தேன். ரம்யாவின் தலைக்கவசத்தை இறுக்கிவிட்டு, அவள் கையில் உன் பேட்டைக் கொடுத்துக் குறுக்கே நீட்டச் சொன்னேன். நுனி அந்தப் பக்கத்து விளிம்பைத் தொட்டது. "இதான் உன் இடம்" என்றேன். என் குரல் உன் குரலாகவே இருந்தது. விலகி வந்து உன் அப்பா பக்கத்தில் நின்றேன்.

பந்து கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டேன். 'டங்'கென்று ஒரு சத்தம். யாரோ கூவினார்கள். கண்ணைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. உன் அப்பாவின் கை என் தோளைத் தொட்டது.

"பட்டுருச்சு கண்ணு. பேட்டுலதான்."

நாளையும் அவர்களை அங்கேதான் நிற்க வைப்பேன். கண்ணை மூடாமல் பார்ப்பேனா என்று மட்டும் கேட்காதே.