முடிக்குழிக்குள் மிச்சமிருப்பது

என் கண்ணே இசக்கி,

மாமா எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, நான் அதை விடவில்லை. தாராவித் தோல்கடைகளில் நான் வாயைத் திறந்தால் மற்ற சேட்டுகள் இன்றைக்கும் வாயை மூடிக்கொள்கிறார்கள். நம் சந்துக்குப் புதுத் தண்ணீர்க் குழாய் வந்திருக்கிறது. நான் பேசித்தான் வந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

நீ இருந்திருந்தால் மறுத்திருப்பாய்.

நர்ஸ் படிப்புப் பாடத்தை நீ சத்தம்போட்டுப் படிப்பாயே, இங்கிலீஷில் ஒரு வரி, எனக்காகத் தமிழில் ஒரு வரி. மாமாவுக்குச் சொன்னால்தான் மனதில் நிற்கிறது என்பாய். அடுப்புக்கு முன்னால் உன் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் என் கடையிலிருந்து ஒரு வெள்ளாட்டுத் தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாய். "புள்ளி புள்ளியா தெரியுதுல்லா மாமா, இதெல்லாம் முடி இருந்த குழி. நம்ம தோலும் இப்படித்தான்." எத்தனையோ வருஷமாக அந்தப் புள்ளியைத் தடவித்தான் வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவருகிறேன். அது என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

குழியை ஒட்டி எண்ணெய் சுரக்கும் பை. குளிரடித்தால் முடியை நிமிர்த்துகிற, நூல் மாதிரி ஒரு குட்டித் தசை. அதற்கும் கீழே சுருட்டி வைத்த டியூப் போல வேர்வைச் சுரப்பி. கைபேசியில் நீ காட்டிய படத்தில்தான் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்ததாக மாட்டுங்கா வரைக்கும் சொல்லியாயிற்று. உள்ளங்கையில் மேல்தோல் மட்டும் முந்நூறு அடுக்கு என்று நான் அளந்தபோது தலையில் அடித்துக்கொண்டாய்.

"அஞ்சு மாமா, அஞ்சுதான்!"

"அஞ்சுன்னா எவன்டீ மதிப்பான்?"

தீக்காய வார்டில் வேலை பழகப் போய்வந்த அன்றைக்குத்தான் நீ சிரிக்கவில்லை. வடாபாவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாய். மேலே எல்லாம் எரிந்தாலும் முடிக்குழிக்குள் கொஞ்சம் மிச்சம் இருந்தால் போதும், அந்தக் குழியின் சுவரிலிருந்து புதுத்தோல் ஏறி வந்து மூடிவிடும். குழியோடு எரிந்தவர்களுக்குத்தான் அடுத்தவர் தோல் வேண்டும். "எனக்கு எதாவது ஆச்சுன்னா என் தோலைக் குடுத்துருங்க மாமா" என்றாய். வாயைக் கழுவு என்று திட்டினேன். திட்டினால் நடக்காது என்று நினைத்தேனோ?

தலை வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது தீக்காயக்காரர்களுக்காகத் தோலை வாங்கிவைக்கும் தோல் வங்கிக்காரர்களை நான்தான் வரச்சொன்னேன். செம்பூரிலிருந்து வந்த உன் சித்தப்பா என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, புள்ளைய ஆட்டை உரிக்க மாதிரி உரிக்கவா ஆளு கூப்பிட்டிருக்கே?"

நம் தெருவில் உரிப்பது என்றால் அது ஒன்றுதானே! "தோலை ரெண்டாச் சீவுத மிஷினைப் பாத்திருக்கியள்லா மச்சான்? அதைவிட மெல்லிசு. அப்பளத்தைவிட மெல்லிசு. முதுகுலயும் கால்லயும்தான் எடுப்பாவ, முகத்தைத் தொட மாட்டாவ" என்றேன். என் வாழ்நாளில் கூட்டிச் சொல்லாமல் சொன்ன ஒரே பேச்சு அதுதான். எல்லோரும் உன் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் உன் காலைத் தடவிக்கொண்டே, "நேரம் ஆயிட்டா வீணாப் போயிருமாம்லா. வரச்சொல்லு" என்றாள்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் டீயை என் கையில் கொடுத்துவிட்டு அக்காவுக்கு, உன் அம்மாவுக்கு, ஒரே கேள்விதான். "அவ தோலு இப்ப யாருகிட்டலே இருக்கு?"

வங்கியில் பெயர் சொல்ல மாட்டார்கள். வெறும் கையோடு நான் எப்படி நிற்பேன்? பக்கத்தில் ஆண்டாப் ஹில்லில் ஒரு பெண்ணின் கையில் என்றேன். மறுநாள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அடுத்த வாரம் மருதாணி வைத்தாள், நன்றாகச் சிவந்ததாம் என்றேன். "இசக்கிக்கும் அப்படித்தான் செவக்கும்" என்றாள் அக்கா.

போன வெள்ளிக்கிழமை கடை வாசலில் வந்து நின்றாள். நல்ல சேலை, கையில் கண்ணாடி வளையல் பொட்டலம். "என்னைக் கூட்டிட்டுப் போலே. ஒரே ஒரு தடவை அவ கையைத் தொட்டுட்டு வந்துருதேன்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். அங்கே நின்று சொல்லிவிட்டேன்.

"எக்கா, அது நிக்காதுக்கா. அடுத்தவங்க தோலை உடம்பு வச்சுக்கிடாது. சொந்தத் தோலு தயாராகுத வரைக்கும் மூடிக் காப்பாத்தும், பொறவு உதிந்துரும். இந்நேரம் உதிந்திருக்கும்."

"தெரியும்லே."

"என்னது?"

"ஒனக்கு மட்டுமா அவ படிச்சா? அடுப்படில இருந்த எனக்கென்ன காது இல்லையா?"

"பொறவு எதுக்குக்கா கெளம்பி வந்தே?"

"நீ எம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போறேன்னு பாக்கத்தான்." சிரித்தாள், இசக்கி. நீ போனபிறகு முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "அவ பேரை எடுக்கவே எல்லாரும் பயப்படுதாவ. நீ ஒருத்தன்தாம்லே தெனமும் அவளைப் பத்திப் புதுசா ஒண்ணு கொண்டு வாரே."

பஸ் வந்தது. எதற்கென்று தெரியாமல் இரண்டுபேரும் ஏறிவிட்டோம். கம்பியைப் பிடித்திருந்த ஒவ்வொரு கையையும் அக்கா பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் பார்த்தேன். ஆண்டாப் ஹில் வந்தும் நாங்கள் இறங்கவில்லை.

குழியோடு எரிந்தவர்களுக்கு அடுத்தவர் தோல் என்றாயே. நாங்கள் யார் தோலைக் கேட்பது? அந்தப் பாடத்தை நீ எனக்குப் படித்துக் காட்டவே இல்லையே அம்மா.

அந்த வளையல் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் என் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. அக்கா தினமும் டீ கொடுப்பாள், நான் தினமும் உன்னைப் பற்றி ஒன்று சொல்வேன், என் மூச்சு இருக்கிற வரைக்கும். ஆண்டாப் ஹில் பெண்ணை விட்டுவிட்டேன். இனி நீ சொன்னது, நீ செய்தது, நீ சிரித்தது மட்டும்தான். மேல்தோல் எத்தனை அடுக்கு என்று யார் கேட்டாலும், மதிக்காவிட்டாலும் போகட்டும், ஐந்து என்றே சொல்வேன்.

உன் அம்மாவுக்குத் தம்பி,
உனக்குத் தாய்மாமன்