டெரெக் எழுதிய பாட்டு

ஃப்ளீட்வுட்
14 நவம்பர் 2006

அன்பு மகள் ஜில்லுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் டாக்டர் சொன்ன நடையை நடக்க மாட்டேன் என்கிறாள், கேட்டால் காற்றைக் காரணம் சொல்கிறாள். போன வாரக் காற்றில் பின்பக்கக் கூரையில் இரண்டு ஓடு போய்விட்டது. சின்னவனுக்கு இழுப்பு வந்ததாக எழுதியிருந்தாய், வீட்டில் கம்பளம் இருந்தால் எடுத்துவிடு, தூசி அதில்தான் தங்குகிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டெரெக் விக்னல் இறந்துவிட்டான். போன வியாழக்கிழமை அடக்கம். அவனை உனக்கு மீன் சந்தையில் பெட்டி தூக்கும் மனிதராகத்தான் தெரியும். எங்கள் கர்லியூஸ் இசைக்குழுவில் முதலில் அவன்தான் பாடகன் என்றும், கடல் பிடித்துப்போய் அவனாகவே குழுவை விட்டு மீன்பிடிக் கப்பலுக்குப் போனான் என்றும் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும் அல்ல, இந்த ஊரில் நாற்பது வருடமாக யார் கேட்டாலும் அதையேதான் சொன்னேன். அது பொய்.

டெரெக்குக்குத் திக்குவாய். கடையில் ரொட்டி கேட்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். ஆனால் பாட ஆரம்பித்தால் ஒரு எழுத்து தட்டாது. அவன் மாமாவின் வலைக்கிடங்கில் தார் வாடைக்கு நடுவே நாங்கள் நான்கு பேரும் வாசித்துப் பழகினோம், நானும் அவனும் கிட்டார், கென் பேஸ் கிட்டார், பாரி டிரம்ஸ். அறுபத்து நான்கில் இங்கிருந்து பிளாக்பூல் வரை எங்களைத் தெரியாத நடனக்கூடம் கிடையாது. ‘கரைக்கு வந்தா சொல்லு’ என்ற பாட்டை டெரெக்தான் எழுதினான், ஐஸ்லாந்துப் பக்கம் கப்பலோடு மூழ்கிப்போன அவன் அப்பாவை நினைத்து எழுதியது. அதைப் பாடும்போது ஆடிக்கொண்டிருப்பவர்கள் நின்றுவிடுவார்கள். மீன் வெட்டும் பெண்கள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் லண்டனிலிருந்து ரெக்கார்டு கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். நிகழ்ச்சி முடிந்து டெரெக் வேனைக் கொண்டுவரப் போயிருந்தான், நாங்கள் மூவரும் அந்த ஆளோடு டீ குடித்துக்கொண்டிருந்தோம். “பாட்டு பிரமாதம்பா. ஆனா டிவியில அந்தப் பையனைப் பேரு என்னன்னு கேட்டா, பதில் வர்றதுக்குள்ள நிகழ்ச்சியே முடிஞ்சிடும். வேற யாராவது பாடுங்க” என்றார். பாரி சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவர் என்னைப் பார்த்து, “உன் மூஞ்சி நல்லா இருக்கு, நீ பாடுவியா?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை ஜில். பாடுவேன் என்றேன்.

டெரெக்கிடம் சொல்லும் வேலையையும் மற்ற இருவரும் என் தலையில் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலைக்கிடங்குக்குப் போனேன். அவன் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். “டெரெக், லண்டன்காரங்க நான் பாடணும்னு சொல்றாங்க. கிட்டாருக்கும் அவங்களே ஒரு ஆளை வெச்சிருக்காங்களாம். உன் பாட்டை மட்டும் நாங்க எடுத்துக்கறோம்டா” என்றேன். அவன் எழுந்து நின்றான். ஏதோ சொல்ல வந்தான். வாய் திறந்தது, முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. அவனுக்கு வார்த்தை வரும்வரை காத்திருப்பது எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அன்றைக்கு நான் காத்திருக்கவில்லை. “சரி, அப்ப வரேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரெக்கார்டு வந்தது. வானொலியில் ஓரிரு முறை போட்டார்கள். டிவிக்கு எங்களை யாரும் கூப்பிடவே இல்லை, எங்கள் பெயரை யாரும் கேட்கவும் இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் கம்பெனி எங்களைக் கைவிட்டது, நான் டிராம் ஓட்டப் போனேன். அதற்கு முன்பே டெரெக் கப்பலேறிவிட்டான். ஊரில் மீன்பிடிக் கப்பல் தொழில் நின்றதும் சந்தைக்கு வந்தான். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் இருந்தான், பார்த்தால் தலையசைப்பான். உன் கல்யாணத்துக்கு ஒரு பெட்டி ஹாடக் மீன் வந்ததே, அனுப்பியவர் பெயர் இல்லாமல், அது அவன் அனுப்பியது. எனக்கு அன்றே தெரியும். போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

அடக்கத்தின்போது பாதிரியார் எழுந்து, “இப்போ டெரெக்கோட பாட்டைக் கேப்போம்” என்றார். போட்டார்கள். ‘கரைக்கு வந்தா சொல்லு’. பாடுவது நான். சவப்பெட்டிக்குள் அவன், ஒலிபெருக்கியில் இருபது வயது நான். பக்கத்தில் பாரி என்னை இடித்து, “நல்லாத்தான்டா பாடியிருக்க” என்றான். எனக்கு எழுந்து வெளியே ஓட வேண்டும் போலிருந்தது, பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கிளப்பில் டீயும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். டெரெக்கின் மனைவி டோரீனிடம் போய், அது அவன் குரல் இல்லை, என் குரல் என்றேன். “அது எனக்குத் தெரியாதா அலெக்? முப்பத்தெட்டு வருசம் அவர் குளிக்கும்போது பாடினதைக் கேட்டவ நான். அவர் குரலை எவன் ரெக்கார்டுல பிடிச்சு வெச்சான்? பாட்டாவது அவரோடதுன்னு போடச் சொன்னேன். வேற எதைப் போடச் சொல்றே?” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவன் எப்போதாவது ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். “ஒண்ணும் சொன்னதில்ல. உள்ளூர் ரேடியோவுல அந்தப் பாட்டைப் போட்டா மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுவார். முடிஞ்சதும் வருவார். டீ ஆறுது, குடி” என்றாள்.

அங்கே உள்ளூர் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பத்திரிகையில் என் பெரிய படத்தோடு, ‘நண்பனை நினைத்துக் கலங்கிய கர்லியூஸ் பாடகர்’ என்று வந்திருக்கிறது. டெரெக் கடல்மேல் ஆசைப்பட்டுப் போனான் என்றே போட்டிருக்கிறாள். போன் செய்து கேட்டதற்கு, “ஊர்ல எல்லாரும் அப்படித்தானே சார் சொல்றாங்க” என்றாள். எல்லோருக்கும் அப்படிச் சொன்னவன் நான்தானே, அவளை என்ன சொல்ல.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு போன் செய்வாய், தெரியும். அப்போது உங்களுக்கு இருபது வயசுதானே அப்பா என்று மட்டும் சொல்லாதே. உன் அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவனுக்கும் இருபது வயதுதான்.

குழந்தைகளுக்கு என் முத்தம், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். டோரீனுக்கு உன் கைப்பட இரண்டு வரி எழுதிப் போடு, முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி அதில் எதுவும் எழுதாதே.

உன் அப்பா,
அலெக் ரிம்மர்