ஏழாவது படம்

ஜூலை 8, செவ்வாய்
காலை ஆறு. வெயில் இல்லை, மலை தெளிவு. ஆரணியிலிருந்து வண்டி. சந்தவாசல் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஊர்ப்படம். ஹெச்.எம்.: "மொத்த ஊரும் தெரியணும் சார், சுவத்துல பெருசா மாட்டப் போறோம்."

தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி இரண்டு விதமாகவும் எடுத்தேன். வைட் ஆங்கிள்: ஒரே கிளிக், எல்லாம் உள்ளே. ஆனால் மலை கூழாங்கல் அளவு, பாதிப் படம் வானம். பனோரமா: ஸ்டாண்டில் வைத்து, கோயிலிலிருந்து வலப்பக்கம் திருப்பித் திருப்பி ஏழு படம். ஒட்டினால் மலை மலையாக நிற்கும். பனோரமாதான்.

வீட்டில் சொன்ன அரிசி மறந்தாச்சு. திட்டு.

ஜூலை 11, வெள்ளி
ஒட்டியாச்சு. ஏழாவது சேரும் இடம் கோணல். அதில் இருப்பது காலனியும் சர்ச்சும்தான். வெட்டிவிட்டேன். ஆறு போதும். தலைப்பு நானே போட்டேன்: 'நம்ம ஊர் முழுசும்'.

ஜூலை 15, செவ்வாய்
மாட்டினோம். கைதட்டல். நாலாம் வகுப்பு செல்வி டீச்சர் மட்டும் படத்தின் வலது ஓரத்தில் விரல் வைத்துத் தேடிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, எங்க வீடு இன்னா ஆச்சு? சர்ச்சையும் காணோம்."

"லென்ஸுக்கு எட்டலீங்க டீச்சர்."

வாய் கூசாமல் வந்தது. "அப்படியா" என்றார், நம்பி. டீ கொடுத்தார். குடித்தேன்.

ஜூலை 16, புதன்
தூறல். பாஸ்போர்ட் போட்டோ நாலு. வைட் ஆங்கிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் இழுபட்டு, சாய்ந்து, ஆனால் இருக்கிறது: சர்ச், வீடுகள், கொடியில் நீலப் புடவை.

கல்யாணத்தில் ஒரு சித்தப்பா விட்டுப்போனாலும் தேடிப் பிடித்து நிற்க வைப்பவன் நான். கோணல் கோயில் பக்கம் இருந்திருந்தால் வெட்டியிருப்பேனா? உட்கார்ந்து சரிசெய்திருப்பேன். செய்து பார்த்தேன். இருபது நிமிடம். அவ்வளவுதான் வேலை. என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி
டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். புதுப் பிரிண்ட் தருகிறேன், சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றேன். அதிலும் என் மானம்தான் பெரிதாக இருந்தது.

"பசங்க கேட்டுகினே இருந்தாங்கண்ணா, எங்க தெரு ஏன் இல்லன்னு. கேமராவுக்கு எட்டலையாம்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களே வந்து சொல்லிடுங்க."

திங்கள், பத்து மணி.

ஜூலை 21, திங்கள்
புதுப் பிரிண்ட் சுருட்டியாச்சு. சட்டை இஸ்திரி. இருபத்தெட்டுப் பிள்ளைகள். என்ன சொல்வதென்று மூன்று முறை எழுதி அடித்தேன். 'தொழில்நுட்பக் கோளாறு' அடித்தேன். 'அவசரத்தில்' அடித்தேன். மிச்சம் இருப்பது இதுதான்:

கேமராவுக்கு எட்டியது, பிள்ளைகளே. நான்தான் வெட்டினேன்.