சாமியார் கேட்ட காரணம்

சேசு மரி சூசை துணை

மத்திகிரி
27-12-1956

அன்பு மகள் ஜெபமணிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. தேவதாயின் தயவால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த ஜபல்பூர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சால்வை திருநாளுக்கு முன்பே வந்துவிட்டது. உன் அம்மா அதைக் கழற்றுவதே இல்லை, அடுப்படியிலும் அதோடுதான் நிற்கிறாள், தீப்பிடிக்கும் என்றால் என் மகள் அனுப்பியது எனக்குத் தெரியும் என்கிறாள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருஷத்துச் சமாச்சாரம் முழுக்க எழுதச் சொல்வாய், இந்தத் தடவை எது முன்னால் எது பின்னால் என்றே எனக்குப் பிடிபடவில்லை. சித்திரையில் ஆலங்கட்டி மழை பெய்து கூரை ஓடு பாதி உடைந்தது, மாற்றிவிட்டோம். பண்ணைக்குப் புதுசாக ஒரு சிந்தி ஜாதிக் காளை வந்தது, என்னைத் தவிர யாரையும் கிட்டே விடுவதில்லை, அது மரியாதையா முரட்டுத்தனமா தெரியவில்லை. ஓசூரை மைசூரோடு சேர்க்கப் போகிறார்கள் என்று சந்தையில் பாதிப் பேர் சொன்னார்கள், இல்லவே இல்லை என்று மீதிப் பேர் சொன்னார்கள், நவம்பரில் பார்த்தால் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். இதெல்லாம் போகட்டும், என் தலையைக் குழப்புவது வேறு சங்கதி.

புரட்டாசியில் ஆனேக்கல்லிலிருந்து உன் செல்வம்மாள் அத்தை பூவும் வெற்றிலையுமாக வந்து நின்றாள். அண்ணா, எம்பையன் சின்னப்பனுக்கு உன் சின்னவ அற்புதத்த குடுத்துடு, நான் வேற வாசப்படி ஏற மாட்டேன் என்றாள். கூடப்பிறந்தவள் அப்படிக் கேட்கும்போது யோசித்துச் சொல்கிறேன் என்று எப்படிச் சொல்வது, வெற்றிலையை வாங்கிவிட்டேன். மாசியில் தபசு காலத்துக்கு முன்னால் கலியாணத்தை வைக்கலாம் என்று, கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசிக்கச் சொல்லப் போனேன். சாமியார் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். மேலே என் அப்பா, அதற்குக் கீழே நானும் தங்கையும், அதற்கும் கீழே அற்புதமும் சின்னப்பனும். இது கிட்டின உறவு, சேலத்துப் பெரிய சாமியார், மேற்றிராணியாரின் தனி உத்தரவு இல்லாமல் ஓலை வாசிக்க முடியாது, உத்தரவு கேட்பதற்குத் தகுந்த காரணம் எழுத வேண்டும், என்ன எழுதட்டும் என்றார். பையன் என் தங்கச்சி மகனுங்க சாமி, அதவிட என்ன காரணம் வேணுங்க என்றேன். அதுதானய்யா தடையே என்று சிரித்துவிட்டார்.

பண்ணையில் கிடாரியைக் காளையிடம் விடுமுன் ஒரே வழியில் வந்தவையா என்று பார்த்து விலக்கிக் கட்டுகிறவன் நான், அதையே ஒருவர் என் வீட்டுக்குச் செய்ததும் கோபம் வந்தது, அவர் மேலா என் மேலா தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், நமக்குந்தான் உத்தரவு வாங்குனாங்க, நான் என்ன கொறஞ்சா போயிட்டேன் என்கிறாள். அப்போது என்ன காரணம் எழுதினார்களோ, அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஊர் சின்னது வேறு மாப்பிள்ளை கிடைக்காது, பெண்ணுக்கு இருபத்துநாலு வயது தாண்டிவிட்டது, இரண்டு வீட்டுப் பகை தீரும், இப்படி ஏதாவது இருக்கிறதா என்று சாமியார் கேட்டார். அற்புதத்துக்குப் பத்தொன்பதுதான். எங்களுக்குள் பகையும் இல்லை, பகை இல்லாததுகூட ஒரு இடைஞ்சலாகும் என்று நான் கண்டேனா. பெண்ணையாவது கேட்டாயா என்றார், அதையும் கேட்கவில்லை.

அப்புறம் அற்புதம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போது கேட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லீங்கப்பா, அக்காவக் கேளுங்க என்றாள். ஏன் என்றேன், சூசையப்பர் சுரூபத்தை எடுத்துத் துடைத்தாள். கடைசியில், சின்னப்பன் மாமா வர்றப்பல்லாம் அக்கா எப்ப வர்றாங்க, கடுதாசி போட்டாங்களான்னுதான் கேக்கறாரு, அஞ்சு வருசமா எங்கிட்ட வேற பேச்சே இல்லீங்க என்றாள். திருநாளுக்கு அத்தையும் அவனும் வந்தார்கள். அற்புதம் சோறு போடுகிறாள், அவன் பார்வை சுவரில் மாட்டியிருக்கும் உன் நர்ஸ் உடுப்புப் படத்தில் இருக்கிறது. ஜபல்பூருக்கு ரயில் எங்கே மாற வேண்டும் என்று என்னைக் கேட்டான், எதுக்கப்பா என்றால் சும்மாத்தான் மாமா என்கிறான். வெற்றிலை கொடுத்ததைப் பற்றிக் கேட்டேன், அன்னிக்கு நான் பெங்களூர்ல மில்லுல இருந்தேன் மாமா, அம்மாதான் வந்தாங்க என்றான்.

ஜெபமணி, நீ போகும்போது நர்ஸுக்குப் படிக்கணும் என்று மட்டும்தான் சொன்னாய். அவன் ஏதாவது சொன்னானா, நீ ஏதாவது சொன்னாயா, இரண்டு பேரும் சொல்லாமலே விட்டுவிட்டீர்களா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு அவன் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி போடு, போதும், ஏன் என்று கேட்க மாட்டேன், உன் மேல் கோபமும் இல்லை. எப்படியானாலும் அற்புதத்தை அவனுக்குக் கட்ட மாட்டேன், என் தங்கை அழுதால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணு, உன்னைப் பார்க்காமல் எனக்கு ஏக்கமாக இருக்கிறது, குழப்பமில்லாமல் தெரிவது அது ஒன்றுதான்.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், புது வருஷம் உனக்கு நல்லதாக விடியட்டும். டூட்டிக்குப் போகும்போது காதை மூடிக் கட்டிக்கொள். பொங்கல் கழிந்ததும் சாமியார் உத்தரவு கேட்கச் சேலம் போகிறார், அதற்குள் உன் பதில் வந்தாக வேண்டும், மறந்துவிடாதே. மனுவில் மாப்பிள்ளை பெயரை எழுதிவிட்டார். பெண்ணின் பெயரை இப்போது எழுத வேண்டாம் சாமி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆகஸ்டு மாதம் மோட்ச ராக்கினி திருநாளோடு உனக்கு இருபத்தாறு முடிந்துவிட்டதாம், அம்மா சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. அருள்ஜோசப்
மாட்டுப்பண்ணை மேஸ்திரி