எந்த வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். இது அப்பாவின் வரி. மாதாமாதம் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் நான்தானே, எல்லாம் மனப்பாடம். இந்த மாதம் அவர் சொல்லவில்லை, "அவளுக்கு இனிமே கடுதாசி கெடையாது" என்று முடித்துவிட்டார். ஆகவே அப்பா பதவியை இன்று ராத்திரி நான் எடுத்துக்கொண்டேன். உன் அறையில் உட்கார்ந்து, கதவிடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு, டார்ச்சைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் கண்டுகொள்ளாதே. சமையலறையில் பாத்திரம் ஒன்று தானாக நகர்ந்தால்கூட டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்று அம்மா சொல்கிறாளே, அது பொய், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தர மாட்டேன் என்று கையை ஆட்டிக்கொண்டிருப்பார். காரணம் இதுதான். போன மாதம் நீ பேசியபோது அவர் பணிமனையில் நின்றார், பின்னால் நாலைந்து பஸ் உறுமிக்கொண்டிருந்தது, நீ என்ன சொன்னாயோ, அவர் காதில் விழுந்தது "வெள்ளி, வந்துடுறேன்பா" மட்டும்தான். வீட்டுக்கு வரும் வழியிலேயே பாதி ஊருக்குச் சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொண்டு, முகம் மழித்து, மாமா வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தில் போய் நின்றார். நீ வரவில்லை. "அடுத்த வெள்ளியா இருக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டு அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். அம்மா சும்மா இருப்பாளா, "உங்க பொண்ணு வெள்ளின்னு சொன்னாளே, எந்த வருஷத்து வெள்ளின்னு கேட்டீங்களா?" என்றாள். அதற்குக்கூட அவர் சிரித்துவிட்டார். ஆனால் நிலையத்து டைம்கீப்பர், "என்ன டிரைவரே, உங்க பஸ்ஸு இன்னும் வரலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம், அன்றைக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தவர்தான். ஏன் வரவில்லை என்று உன்னிடம் யாரும் கேட்கக் கூடாது, நீயாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அதோடு விட்டாரா, "ரூம்பு காலியாத்தானே கெடக்கு, நம்ம கண்டக்டர் தம்பிக்கு விட்டுடலாம்" என்று சொல்லி ஒன்றாம் தேதி வரச் சொல்லிவிட்டார். கண்டக்டர் நல்லவர்தான், ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் நின்று "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று என்னைத் தள்ளினால் நான் எங்கே போவேன்?

நேற்றுப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் கம்ப்யூட்டரில் சூரியன் படம் காட்டினார். விண்வெளியிலிருந்து எடுத்த படங்கள், நடுவில் சூரியனைக் கருப்புத் தட்டு ஒன்று மூடியிருக்கிறது, ஒரு நாளுக்கு ஒன்றாக ஓட்டிக் காட்டினார். நட்சத்திரங்கள் எல்லாம் இடமிருந்து வலமாகப் போகின்றன, இரண்டு பக்கமும் மீசை முளைத்த ஒரு பெரிய புள்ளி மட்டும் எதிர்த்திசையில் ஊர்ந்து தட்டை நெருங்குகிறது. "இதான் வெள்ளி. சூரியனுக்குப் பின்னாடி போய் அந்தப் பக்கம் வெளிய வரணும், இன்னும் நாளாகும்" என்றார். உன் வேலையே இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதானே, நீ சொன்னது இந்த வெள்ளி தாண்டியதும் வருகிறேன் என்றுதானோ என்று எனக்குச் சட்டென்று உறைத்தது, வகுப்பில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், மீதி நேரம் வெளியில் நின்றேன். நின்றபடியே யோசித்தேன். வெள்ளியும் சூரியனும் ஒரே திசையில்தான் போவது போலத் தெரியுமாம், வெள்ளி கொஞ்சம்தான் வேகமாம். அப்பா பாஷையில் சொன்னால், முன்னால் போகிற பஸ்ஸை அதைவிடத் துளி வேகமாகப் போகிற பஸ் ஓவர்டேக் செய்கிறது, லேசில் முடியுமா? நல்லவேளை, நீ புதனைச் சொல்லவில்லை, வாரத்துக்கு நடுவில் டியூட்டி மாற்ற மாட்டார்கள். சனி வந்ததும் வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் அம்மா கதவையே திறந்திருக்க மாட்டாள்.

சிரிக்காதே அக்கா. இதை நான் அப்பாவிடம் சொல்லலாம், தப்பாகக் கேட்டது நீங்கள்தான் என்று அவரிடம் யார் சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் வேறு. நான் நினைப்பது தப்பாக இருந்து, நீ நிஜமாகவே வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு மறந்திருந்தால்? அப்படி இருந்தாலும் எனக்கு மட்டும் சொல்லிவிடு, நான் திட்ட மாட்டேன், ஒருநாள் மட்டும் பேச மாட்டேன். அப்பாவாக இருந்தால் இந்த இடத்தில் பனியில் நிற்காதே, ராத்திரி தலைக்குக் குளிக்காதே என்பார், நானும் சொல்கிறேன். கண் சொக்குகிறது, கொஞ்சம் தலையைச் சாய்த்துவிட்டு மீதியை

பெரியவளே, இது அப்பா. பஸ் ஓட்டிய கை, எழுத்தும் குலுங்கும், பொறுத்துக்கொள். முதல் பஸ்ஸுக்கு எழுந்தேன், துண்டுக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. சின்னவள் மேசையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், கன்னமெல்லாம் மை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இரண்டு தரம் படித்தேன். அவள் வீணாகப் பயந்திருக்கிறாள். நீ அன்றைக்குப் பேசும்போது நடுவில் சூரியன் என்று ஒரு வார்த்தை எனக்குக் கேட்டது. அந்த ஊரில் வெயில் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். கண்டக்டருக்கு இன்றைக்கே வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுகிறேன், உன் அறை உன் அறைதான். ஓவர்டேக் செய்யும்போது அவசரம் கூடாது, முழுதாகத் தாண்டிய பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும், ஆகவே உன் வெள்ளி தாண்டட்டும், வேலையை முடித்துக்கொண்டு வா. இந்த வெள்ளிக்கிழமையும் நான் நிலையத்துக்குப் போவேன், உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே, அங்கே டீ நன்றாக இருக்கிறது. கடிதத்தை உறையில் போட்டு நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன், நான் படித்ததை இவளிடம் சொல்ல மாட்டேன், காலையில் எழுந்து காணோம் காணோம் என்று சாயங்காலம்வரை தேடட்டும், வகுப்பில் சிரித்ததற்கு அது போதும். உன் அம்மாவுக்கு மட்டும் இந்த விஷயம் தெரிய வேண்டாம். நோய்நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் நல்லவர்கள் துணையோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, இனி வருகிற நாளைச் சொல்லும்போது தேதியைச் சொல், கிரகத்தைச் சொல்லாதே.

நேற்றுவரை கோபமாக இருந்த,
அப்பா