நான்காவது இழுப்பு

பதிவு 1. 09-09-2058 (ஆவணி 24), காலை 9:10, நாகர்கோவில் நேரம்

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் வேதாசலம், வயது எழுபத்தொன்று. நிலவின் மறுபுறத்துத் தொலைநோக்கி நிலையத்தில் தனிக் காவல். ஆன்டெனாக்கள் சீர். காற்றழுத்தம் சீர்.

சொந்த அலுவல் ஒன்று. நாகர்கோவிலில் பூட்டிக் கிடக்கும் என் வீட்டில், படங்களும் காணொளிகளும் சேமித்த ஒரு மீடியா சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. 18-03-2056 அன்று மறைந்த என் மனைவி மரகதவல்லியின் முகமும் குரலும் அதில் மட்டுமே உள்ளன. வேறு நகல் இல்லை. யாரும் நுழையும்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த அதன் போர்ட்டை இன்று மூடினேன். இனி டிஜிட்டல் சாவி பதிந்த கருவிகளுக்கு மட்டுமே அனுமதி. தவறான சாவியால் மூன்று முறை நுழைய முயன்றேன். மூன்றும் மறுக்கப்பட்டன.

வீட்டுப் பூட்டையும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். மரகதம் நான்காவதாக ஒரு முறை இழுப்பாள். "நான் ஒருக்கா இழுத்தாத்தான் உங்களுக்கு பஸ் ஏற மனசு வரும்."

பதிவு 2. 10-09-2058, காலை 8:40

சர்வரின் வருகைப் பட்டியலில், நேற்றைய என் மூன்று முயற்சிகளுக்குப் பின் நான்காவதாக ஒன்று பதிவாகியிருக்கிறது. அது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. கருவியின் பெயர்: அடுக்களை. மரகதம் சமைக்கும்போது பாட்டுக் கேட்ட திரை அது. அதன் சாவியை நீக்க மறந்துவிட்டேன். திருடன் புகுந்திருக்கலாம். மகள் குழலியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

அவள் செய்தி, மாலை 5:25: "வீடு பூட்டித்தான் கெடக்குப்பா. அந்தத் திரை தூசியடைஞ்சு கெடக்கு, சார்ஜே இல்ல. சார்ஜ் ஒயரு எங்க வீட்டுல இருக்கு. சந்திரனுக்குப் போயும் பூட்ட இழுத்துப் பாக்கியளா?"

பதிவு 3. 11-09-2058, காலை 10:05

மீண்டும் மூன்று முறை சோதித்தேன். மீண்டும் அடுக்களை நுழைந்தது. அந்தச் சாவி அந்நியர் கையில் இருந்தால் ஒரே நொடியில் அனைத்தையும் அழிக்க இயலும்.

குழலி: "அம்மா சாவிய அழிக்க வேண்டாம்ப்பா. இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

அழித்துவிட்டேன். பின்னர் மூன்று முறை சோதித்தேன். நான்காவது வரவில்லை. மாலைவரை காத்திருந்தேன். வரவில்லை.

சர்வர் இப்போது முற்றிலும் பாதுகாப்பாக உள்ளது. அவளுடைய காணொளி எதையும் இன்று திறக்க மனம் வரவில்லை.

பதிவு 4. 12-09-2058, காலை 7:00

வெளிக்கதவுச் சோதனை. வெளியே காற்றில்லை, திறந்தால் நிலையத்துக் காற்று முழுவதும் வெளியேறிவிடும். கைப்பிடியை வழக்கம்போல் மூன்று முறை இழுத்தேன். கதவு உறுதி. கையை எடுத்தேன்.

கைப்பிடி ஒரு முறை அசைந்தது. வெளியிலிருந்து.

7:20. புத்தி தெளிவாக உள்ளதா என்று அறியத் தேதியைச் சரிபார்த்தேன். 12 தான். கேமராவில் எவருமில்லை. குழலிக்கு எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். என்னவென்று எழுதுவது.

7:45. மறுபடியும். ஒரே ஒரு முறை. அவசரமில்லாமல்.

வீட்டிலிருந்து அவளை வெளியேற்றியது நான். போக்கிடம் வேறு—

7:52. இந்தக் கதவுக்குச் சாவி கிடையாது. உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும்.