காலியாக விட்ட கோடு

தெம்பனிஸ், சிங்கப்பூர்
4.6.1984

மதிப்பிற்குரிய அருளானந்தம் ஐயா அவர்களுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். ஐந்தாம் நுண்கணிதப் பாடத்தின் விடைத்தாளைத் திருத்தாமலே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். மேலே ‘ஜெபித்தபின் எழுதினேன்’ என்ற கோட்டில் நான் கையெழுத்துப் போடவில்லையாம். கணக்கு சரியா தப்பா என்று பார்க்க அது எதற்கு, ஐயா? நவம்பரில் ஏ லெவல் பரீட்சை. கணிதத்தில் தேறினால் பாக்டரியில் டெக்னீஷியனாக்கிப் பகல் ஷிப்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ராத்திரி ஷிப்டை இனிமேலும் என் உடம்பு தாங்காது. தயவுசெய்து திருத்தி, ஆறாம் பாடத்தையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அல்போன்சம்மாள்


பாளையங்கோட்டை
16.6.1984

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

கோபம் வேண்டாம். இது கிறிஸ்தவ அஞ்சல் கல்வி நிலையம். கணக்கை உண்டாக்கினவரை நினைத்துவிட்டுத்தான் கணக்கில் கை வைக்க வேண்டும் என்பது இங்குள்ள ஒழுங்கு. கோடு காலியாக வந்தால் திருத்தக் கூடாது. அடுத்த பாடமும் அனுப்பக் கூடாது. முந்தைய பாடங்களுக்கெல்லாம் போட்டீர்களே, இதற்கு மட்டும் என்ன வந்தது? ஒரு நிமிட வேலைதானே. எனக்குக் கண்ணில் புரை. தாளை மூக்கருகே வைத்துத்தான் படிக்கிறேன். என்னை அலைக்கழிக்காதீர்கள், அம்மா.

திருத்தவில்லை என்றாலும் கண்ணில் பட்டுவிட்டது: தொகையிடலில் மாறிலி C-ஐ மறுபடியும் விட்டிருக்கிறீர்கள்.

அன்புடன்,
அருளானந்தம்


தெம்பனிஸ்
1.7.1984

ஐயா,

ஒரு நிமிட வேலைதான். பொய்யாகப் போட வரவில்லை.

ஏப்ரலில் என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை செய்யும்போது விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஷிப்டு முடிந்து வந்து அவரைப் புரட்டி, துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுக்கிறேன். அவரே சொல்லிவிட்டார், “சைன்தானே, போட்டு அனுப்பு லா. இதுக்குப் போய் சண்டை போடுறியே” என்று.

முட்டி போட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. ஆண்டவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஜெபிக்காமல் ஜெபித்தேன் என்று எழுதி அவரையும் உங்களையும் ஏமாற்ற என்னால் முடியாது. அதே தாளை மறுபடி வைத்திருக்கிறேன். முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், படிப்பை விட்டுவிடுகிறேன்.

அல்போன்சம்மாள்


பாளையங்கோட்டை
14.7.1984

அன்புள்ள சகோதரிக்கு,

தாளைத் திருத்திவிட்டேன். C-க்காக மதிப்பெண் குறைத்திருக்கிறேன், அதில் தயவு கிடையாது.

கோட்டில் இருப்பது என் கையெழுத்து. உங்கள் இருவருக்காகவும் ஜெபித்துவிட்டுத்தான் போட்டேன். மேலே யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இனிமேலும் கோட்டைக் காலியாகவே விட்டு அனுப்புங்கள். உங்கள் கோபம் தீரும்போது தீரட்டும்.

ஆறாம் பாடம் உள்ளே இருக்கிறது. நவம்பரில் எனக்குக் கண் ஆபரேஷன் என்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. அதற்குள் மீதிப் பாடங்களை முடித்துவிடுவோம்.

அருளானந்தம்


தெம்பனிஸ்
26.11.1984

அன்புள்ள ஐயா,

பரீட்சை முடிந்தது. ஷிப்டிலிருந்து நேரே போனேன். தொகையிடலில் ஒரு கணக்கு பாதியில் நின்றுவிட்டது. ஆனால் C-ஐ எங்கேயும் விடவில்லை. ரிசல்ட் மார்ச்சில். தேறுவேனா தெரியாது. இவரும் எழுந்திருக்கவில்லை.

எழுதுவதற்கு வெற்று விடைத்தாளைக் கையில் கொடுத்ததும் கை தானாக மேலே அந்தக் கோட்டைத் தேடியது. கோடு இல்லை. எனக்காகக் கையெழுத்துப் போட நீங்களும் அங்கே இல்லை. அன்றைக்கு உங்கள் கண்ணில் கட்டுப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். எனக்காகக் கேட்க இன்னும் மனம் வரவில்லை. உங்கள் கண்ணுக்காகக் கேட்டேன், ஐயா.

அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

அல்போன்சம்மாள்